பனியன் கணக்கும் வளையச் சித்திரமும்

திருப்பூரில் பனியன் துணி பிறக்கும் இடத்தை முதன்முறையாகப் பார்க்கிறவர்கள், தறி என்றவுடன் மனத்தில் எழும் நீண்ட பாவும் குறுக்கே ஓடும் நாடாவும் அங்கே இல்லாததையும், அவற்றுக்குப் பதிலாக ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு யந்திரத்தின் நடுவே வட்டமாகச் சுழலும் உருளையிலிருந்து துணியானது குழாய் வடிவில் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருப்பதையும் கண்டு சற்று நேரம் பிரமித்து நிற்பார்கள். அந்த உருளையின் விளிம்பைச் சுற்றி ஊசிகள் நெருக்கமாக அணிவகுத்திருக்கின்றன. நிட்டிங் மாஸ்டர்கள் 'டயா' என்று சொல்லுகிற விட்டம் 30 அங்குலமும், 'கேஜ்' என்று சொல்லுகிற ஊசி நெருக்கம் அங்குலத்துக்கு 24ம் ஆனால், அந்த வளையத்தில் உள்ள ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை; விட்டத்தைக் கொண்டு சுற்றளவைக் கண்டால் 94 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வரும், அதை 24ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,260 ஊசிகள் என்று விடை கிடைத்துவிடும். கி.பி. 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தில், விட்டம் 20,000 ஆக உள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 62,832 என்று ஆரியபட்டர் சொல்லிவைத்த விகிதம், அதாவது 3.1416, ஊசிக் கணக்குப் போடுகிறவருக்கு இன்றும் அப்படியே உபயோகப்படுகிறது.

இந்த வட்டக் கணக்கை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. திருப்பூரிலும் அவிநாசியிலும் பல்லடத்திலும் பெருமாநல்லூரிலும் உள்ள பனியன் கம்பெனிகளிலே, முன்பு நீளமான நோட்டுகளில் கோடு கிழித்து எழுதிவந்த அன்றாடக் கணக்கு, அதாவது இன்றைக்கு எத்தனை பீஸ் தைத்தார்கள், எத்தனை செக்கிங் மேஜையைக் கடந்தன, எத்தனை திருத்தத்துக்குத் திரும்பின என்னும் கணக்கு, மெல்ல மெல்லக் கைபேசிச் செயலிகளுக்குக் குடிபெயர்ந்து வருகிறது. அத்தகைய செயலியைத் திறந்தவுடன் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது, பல வர்ணங்களில் துண்டு துண்டாகப் பிரிந்த ஒரு வளையம். உளுந்து வடையைப் போல நடுவில் துளையுள்ள இந்தச் சித்திரத்தை மேல்நாட்டார் 'டோனட்' என்னும் தங்கள் பலகாரத்தின் பெயரால் வழங்குகிறார்கள். துளையில்லாத அதன் மூத்த வடிவத்தை நம் பள்ளிப் பாடநூல்கள் வட்ட விளக்கப்படம் என்று அழைப்பதால், இதை வளைய விளக்கப்படம் என்று சொல்வது பொருந்தும். இந்த வளையத்தை ஒரு செயலியிலே தயாராகக் கிடைக்கும் அச்சில் வார்க்காமல், தொழிலின் தேவைக்கேற்பத் தாமே வரைந்துகொள்வது எப்படி என்பதையும், அதைவிடக் கடினமான கேள்வியாக எனக்குத் தோன்றுகிற ஒன்றையும், அதாவது எதை முழுமை என்று கொண்டு அதை வரைவது என்பதையும், இங்கே சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

வட்டத்தைப் பங்கு போட்டுப் புள்ளிவிவரத்தைக் காட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர். 1786இல் கோட்டுச் சித்திரத்தையும் பட்டைச் சித்திரத்தையும் உலகுக்கு அறிமுகப்படுத்திய அவரே, 1801இல் வெளியிட்ட மற்றொரு நூலில், துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களில் எவ்வெவ்வளவு விரிந்து கிடக்கிறது என்பதை ஒரு வட்டத்தை மூன்று துண்டுகளாக்கிக் காட்டினார். 1858இல் பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் ஜோசப் மினார்ட், பாரிஸ் நகரத்தின் இறைச்சித் தேவைக்கு நாட்டின் எந்தெந்தப் பகுதி எவ்வளவு அனுப்புகிறது என்பதை, தேசப்படத்தின் மேல் சிறிதும் பெரிதுமான வட்டங்களைப் பதித்து விளக்கினார். அவர்கள் காகிதத்தில் கவராயத்தைக் கொண்டு செய்ததைத்தான் இன்று உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடித் திரையின் மேல் நாம் செய்கிறோம். கருவி மாறிவிட்டதே தவிர, ஒரு முழுமையில் ஒவ்வோர் அம்சத்துக்கும் உள்ள பங்கைக் காட்டுவது என்னும் நோக்கம் மாறவில்லை.

கணக்கை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒரு கம்பெனியில் ஓர் ஆர்டருக்காக 1,500 பீஸ் கட்டிங் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓவர்லாக், பிளாட்லாக் மிஷின்களைக் கடந்து, டெய்லருக்கு உதவியாக நிற்கும் கைமடிப் பெண்களின் கைகளையும் கடந்து, மாலைக்குள் அத்தனையும் செக்கிங் மேஜைக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் 1,350 பீஸ் நல்லவை. தையல் விடுபட்டோ மூட்டு பிசகியோ திருத்தத்துக்குத் திரும்பியவை, அதாவது ஆல்டர், 105. எண்ணெய்க் கறை பட்டு அதைப் போக்க வேண்டியவை 30. துணியிலேயே ஓட்டை விழுந்து ரிஜெக்ட் ஆனவை 15. சதவிகிதத்தில் சொன்னால் 90, 7, 2, 1. வட்டத்துக்கு 360 பாகை ஆதலால், நல்லவற்றுக்கு 324 பாகையும், ஆல்டருக்கு 25.2 பாகையும், கறைக்கு 7.2 பாகையும், ரிஜெக்டுக்கு 3.6 பாகையும் உரியவை. முன்னே சொன்ன ஊசி வளையத்தில் பத்தில் ஒரு பங்கைக் காட்டச் சொன்னால் 226 ஊசிகளை எண்ணி அங்கே விரலை வைப்போம்; இந்த வளையத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் 36 பாகையை அளந்து அங்கே வர்ணத்தை மாற்றுகிறோம். இரண்டும் ஒரே காரியம்தான்.

கைபேசிக்கு வளையம் என்ற பொருள் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், ஒரு மையம், ஓர் ஆரம், எந்தக் கோணத்தில் தொடங்குவது, அங்கிருந்து எத்தனை பாகை செல்வது, எவ்வளவு தடிமனான தூரிகையால் தீட்டுவது என்னும் ஐந்து விவரங்களே. ஆண்ட்ராய்டில் வில்லை வரையும் கட்டளையும், செயலி எழுத உதவும் கூகுளின் பிளட்டர் என்னும் சாதனத்தில் ஓவியர் என்று பெயரிட்ட பகுதியில் எழுதும் கட்டளையும் சாராம்சத்தில் இந்த ஐந்தையே கேட்கின்றன. பின்னது பாகைக்குப் பதிலாக ரேடியனில் கேட்கிறது என்பது மட்டும் பேதம். புதிதாகக் கற்கிறவர்கள் இவ்விடத்தில் இரண்டு முறை இடறுவதுண்டு. கைபேசியின் கணக்கிலே பூஜ்யம் பாகை என்பது உச்சியில் இல்லை. கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் வலப்புறத்தில் இருக்கிறது. பள்ளியில் நாம் கற்ற வடிவியலில் கோணம் இடஞ்சுழியாக வளர்ந்தால், திரையில் மேலிருந்து கீழாக அளவு எண்ணப்படுவதால் அதே கோணம் வலஞ்சுழியாக வளர்கிறது. ஆகவே, மனிதர்களுக்கு இயல்பான பன்னிரண்டு மணி இடத்திலிருந்து வளையத்தைத் தொடங்க வேண்டுமானால், தொடக்கக் கோணத்தை மைனஸ் 90 என்று கொடுக்க வேண்டும். அங்கிருந்து 324 பாகை நடந்தால் 234, அதிலிருந்து 25.2 நடந்தால் 259.2, பின்பு 266.4, கடைசியில் 270. மைனஸ் 90ம் 270ம் வட்டத்தில் ஒரே இடமாகையால், வளையம் மூடிவிட்டது, கூட்டல் சரி என்பதற்கு அதுவே சாட்சி.

இணையப் பக்கங்களுக்கு வரைகிறவர்கள் கையாளும் மற்றோர் உபாயமும் ரசிக்கத்தக்கது. ஒரு வட்டத்தின் ஆரத்தை 15.915 என்று அமைத்தால் அதன் சுற்றளவு 100 ஆகிவிடுகிறது. அப்பொழுது கோணத்தைப் பற்றிய பேச்சே வேண்டியதில்லை; கோட்டை விட்டு விட்டு வரையும் கட்டளைக்கு 'ஏழு அளவு வரை, தொண்ணூற்று மூன்று அளவு விட்டுவிடு' என்று சொன்னால் ஏழு சதவிகிதத் துண்டு தானாகவே அமைந்துவிடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, தயாராகக் கிடைக்கும் வளையங்கள் போதாவா என்று கேட்கலாம். ஆப்பிள் நிறுவனம்கூடத் தன் சித்திரத் தொகுப்பிலே 2023இல் துண்டு வட்டத்தையும் வளையத்தையும் சேர்த்துவிட்டது. மற்றக் கைபேசிகளுக்கும் இலவசத் தொகுப்புகள் ஏராளமாக உண்டு. அவசரத்துக்கு அவை உதவும். ஆனால் அவற்றை உள்ளபடியே எடுத்துப் பனியன் கம்பெனியில் பிரயோகிக்கும்போது, பார்வைக்கு அழகாக இருக்கும் ஓர் அம்சமே பொய் சொல்லத் தொடங்குவதைக் காண்கிறோம். நான்கு சென்டிமீட்டர் குறுக்களவும் அரை சென்டிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு வளையத்தைத் திரையில் வரைவதாகக் கொள்வோம். தூரிகை செல்லும் நடுக்கோட்டின் சுற்றளவு சுமார் 11 சென்டிமீட்டர். எனவே ஒரு சதவிகிதம் என்பது 1.1 மில்லிமீட்டர். இப்பொழுதெல்லாம் துண்டுகளின் முனைகளை உருண்டையாக மழுக்கிவிடுவது ஒரு நாகரிகமாக இருக்கிறது. அப்படி மழுக்கும்போது தூரிகையின் பாதித் தடிமன், அதாவது இரண்டரை மில்லிமீட்டர், ஒவ்வொரு முனையிலும் வெளியே நீளுகிறது. 1.1 மில்லிமீட்டராக இருக்கவேண்டிய ரிஜெக்ட் துண்டு 6.1 மில்லிமீட்டராகிவிடுகிறது, ஒரு சதவிகிதமானது ஐந்தரை சதவிகிதமாகத் தோன்றுகிறது. பதினைந்து பீஸுக்குப் பதில் எண்பதுக்கு மேல் போய்விட்டதோ என்று முதலாளி திடுக்கிடுவார். அல்லது பக்கத்துத் துண்டு இதன் மேல் ஏறி இதை முழுதும் மறைத்துவிட, இன்றைக்கு ரிஜெக்டே இல்லையென்று நிம்மதி அடைவார். துண்டுகளுக்கிடையே இரண்டு பாகை இடைவெளி விடும் வழக்கமும் இப்படித்தான்: 324 பாகைத் துண்டுக்கு அது ஒரு பொருட்டில்லை, 3.6 பாகைத் துண்டுக்கோ பாதிக்கு மேல் போய்விடுகிறது. முனைகளைத் தட்டையாக வெட்டுவதும், இடைவெளிக்குப் பதிலாகத் துண்டுகளின் எல்லையில் பின்னணி வர்ணத்தில் மெல்லிய கோடு ஒன்றை மேலே தீட்டுவதும் நேர்மையான வழி. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துண்டுக்கு ஒரு குறைந்தபட்ச நீளத்தை இனாமாகக் கொடுக்கும் பழக்கத்தையும் நான் ஏற்கமாட்டேன்; அந்த நீளம் மற்றொரு துண்டிலிருந்து எடுக்கப்பட்டதாயிற்றே.

வரைவது இவ்வளவுதான். இனி, எது முழுமை என்னும் கேள்விக்கு வருவோம். இதை நிரல் எழுதுகிறவர் தம் மேஜையில் உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. கம்பெனியின் தளத்தில் ஒரு முழு ஷிப்டு நின்று பார்த்தால்தான் தீர்மானிக்க முடியும். செக்கிங் மேஜையில் ஒரு பீஸ் ஆல்டருக்குப் போகிறது. டெய்லர் அதைப் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுக்கிறார். அது மறுபடியும் செக்கிங் மேஜைக்கு வருகிறது. செயலியானது மேஜையைக் கடக்கும் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே போனால், 1,500 பீஸ் வெட்டிய இடத்தில் மாலையில் 1,605 பீஸ் செக்கிங் ஆகியிருக்கும். அந்த 105ம் இரண்டாம் முறை நல்லவையாகத் தேறிவிட்டால், நல்ல பீஸ்களின் எண்ணிக்கை 1,455 என்றும், ஆல்டர் 105 என்றும் காட்டி, அவற்றை 1,605க்குப் பங்கு போட்டு வளையம் வரையப்படும். கூட்டல் பிசகில்லை, வளையமும் அழகாக மூடிக்கொள்ளும்; ஆனால் அந்த முழுமைக்கு இணையான பொருள் உலகத்தில் எங்கும் இல்லை. வெட்டப்பட்ட பீஸ்களின் எண்ணிக்கையே, பண்டிலோடு கட்டிவரும் சீட்டில் எழுதிய எண்ணே, இந்த வளையத்துக்கு முழுமை. ஒரு பீஸ் அதன் தற்போதைய நிலையில் ஒரே ஒரு துண்டுக்குள் மட்டும் இருக்கலாம் என்பது விதி. எத்தனை பீஸ் ஒருமுறையாவது ஆல்டருக்குப் போயின என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு இடத்தில் வேறு எண்ணால் பதில் சொல்ல வேண்டும்.

எடைக் கணக்கில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. நூலாக வந்தபோது இருந்த எடை, பின்னலாகி, சாயப்பட்டறைக்குப் போய் வெளுத்துச் சாயமேறித் திரும்பும்போது இருப்பதில்லை. பஞ்சிலே உள்ள மெழுகும் தூசியும் கழிந்து எடை குறைகிறது. தொழிலில் இதைப் பிராசஸ் லாஸ் என்கிறார்கள். கட்டிங் மேஜையில் துணி எங்கெங்கே போயிற்று, எவ்வளவு ஆடையாயிற்று, எவ்வளவு வெட்டுத் துண்டாகக் கழிந்தது என்று வளையம் போடுகிறவர், நூலின் எடையை முழுமையாகக் கொண்டால், கட்டிங் மாஸ்டர் செய்யாத ஒரு நஷ்டம் அவர் பேரில் ஏறிவிடும். சாயப்பட்டறையிலிருந்து வந்து தராசில் ஏறிய துணியின் எடையே அவருடைய முழுமை. ஒரு மனிதரின் வேலையை அளக்கும் சித்திரத்தில் அவர் பொறுப்பேற்காத ஒன்றைச் சேர்ப்பது கணக்குப் பிழை மட்டுமா? அவருக்கு இழைக்கும் அநீதியும் ஆகும். மாதக் கடைசியில் அந்தச் சித்திரத்தைக் காட்டித்தான் அவரிடம் கேள்வி கேட்கப்போகிறார்கள்.

இதே காரணத்தால் நம் உதாரணத்துக்கு ஒரு வளையம் போதாது. நல்ல பீஸ்களின் 324 பாகையானது முதலாளிக்கு மனநிறைவைத் தரும். ஆனால் குறையைத் திருத்தவேண்டிய சூப்பர்வைசருக்கு அது ஒன்றும் சொல்வதில்லை. மிச்சமுள்ள சிறு துண்டை விரலால் தொட்டவுடன், குறையுள்ள 150 பீஸையே முழுமையாகக் கொண்ட மற்றொரு வளையம் திறக்க வேண்டும்: தையல் விடுபட்டவை 60, மூட்டு பிசகியவை 45, எண்ணெய்க் கறை 30, ஓட்டை 15. இப்பொழுது தையல் விடுபட்டது ஒன்றே வளையத்தில் 144 பாகையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டவுடன், எந்த மிஷினில் ஊசி மழுங்கியிருக்கிறது என்று தேடிச் செல்ல அவருக்குத் தோன்றும். ஓட்டைக்கோ டெய்லரைக் கேட்டுப் பயனில்லை. அது பின்னல் யந்திரத்து ஊசியிலோ நூலிலோ பிறந்தது. முழுமை மாறிவிட்டது என்பதை மட்டும் திரை உரக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது சதவிகிதம் கெட்டுவிட்டது என்று யாராவது பதறிக்கொண்டு வருவார்கள்.

அப்படி உரக்கச் சொல்லும் இடம் வளையத்தின் நடுத்துளை. முழு வட்டத்தைவிட வளையம் சிறந்தது என்று நான் கருதுவதற்கு இந்தத் துளைதான் காரணம். இதைத் தோண்டியதால் நஷ்டமில்லையா என்ற கேள்வியை ஆராய்ந்து, ட்ரூ ஸ்காவும் ராபர்ட் கொசாராவும் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மக்கள் துண்டு வட்டத்தைப் பார்க்கும்போது மையத்தில் கூடும் கோணத்தை நம்பிப் படிப்பதாகத் தெரியவில்லை என்றும், வளையமானது முழு வட்டத்துக்குக் குறைந்ததல்ல என்றும் கண்டார்கள். ஆகவே துளையைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டு, அங்கே '1,500 பீஸ்' என்றோ 'குறை 150' என்றோ பெரிய எழுத்தில் எழுதிவிடலாம்.

எழுதிவிடலாம் என்று சொன்னேனே தவிர, தமிழில் எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. மேல்நாட்டில் தயாரான வளையங்கள் அவர்களுடைய எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். நம் எழுத்தில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே சுழியும் உண்டு. வரியின் உயரத்தைக் கூட்டாவிட்டால் புள்ளி வெட்டுப்பட்டு மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். துண்டின் வளைவைத் தொடர்ந்து எழுத்துகளை வளைத்து எழுதும் அலங்காரத்தையோ தமிழுக்குத் தொடவே கூடாது. 'கொ' என்னும் எழுத்தைக் கணினி 'க' என்றும் உயிர்க்குறி என்றும் இரண்டு குறியீடுகளாக வைத்திருப்பதால், ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியே வளைவின் மேல் நிறுத்தும் நிரலில், உயிர்க்குறியானது புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டத்தைச் சுமந்துகொண்டு அநாதையாக நிற்கும். சொல்லின் நீளமும் ஒரு சங்கடம். 'நிராகரிக்கப்பட்டவை' என்பது அந்தத் துளைக்குள் அடங்காது; தளத்தில் உள்ளவர்கள் சொல்லும் 'ரிஜெக்ட்' அடங்கும், அவர்களுக்குப் புரியவும் புரியும். அவர்கள் வாயில் வழங்கும் சொல்லையே போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். எண்களுக்குக் காற்புள்ளி இடுவதிலும் கவனம் வேண்டும். ஒன்றரை லட்சத்தை 150,000 என்று எழுதினால் நம்மவர் ஒரு கணம் தயங்கித்தான் படிப்பார், 1,50,000 என்று எழுதினால் தயக்கமில்லை.

அன்றியும் திருப்பூர்த் தளங்களில் இன்று தமிழ் மட்டுமே ஒலிப்பதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் வரிசை வரிசையாக மிஷின்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்தைப் படிக்க முடியாதவருக்கும் தன் லைனின் நிலை தெரிய வேண்டுமானால் வர்ணம்தான் பேச வேண்டும். அந்த வர்ணத்தைப் பச்சை, சிவப்பு என்று மட்டும் வைத்துவிட்டால், அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத பார்வையுள்ள ஆண்கள் எங்கும் உண்டாகையால் அவர்களுக்கு அது பேசாது. நல்லவற்றுக்கு நீலமும் ஆல்டருக்கு ஆரஞ்சும் ரிஜெக்டுக்குக் கருஞ்சிவப்பும் வைத்து, துண்டுகளின் வரிசையை எந்நாளும் மாற்றாமல் வைத்தால், வர்ணம் தப்பினாலும் இடம் கைகொடுக்கும். பார்வையே இல்லாதவருக்கு வளையம் வெறும் மௌனம். கைபேசி அதை வாய்விட்டுச் சொல்லும்படி, எண்களை ஒரு வாக்கியமாகவும் நிரலில் எழுதிவைக்க வேண்டும்.

தொடுதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரல் பட்ட இடம் எந்தத் துண்டு என்பதைக் கைபேசி தானாக அறியாது. மையத்திலிருந்து அந்தப் புள்ளியின் தூரத்தைக் கணித்து, அது வளையத்தின் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையில் உள்ளதா என்று பார்த்து, பின்பு அதன் கோணத்தைக் கண்டு, எந்தத் துண்டின் எல்லைக்குள் விழுகிறது என்று நிரல் தேட வேண்டும். கணக்கு சரியாகவே வரும். ஆனால் விரலுக்கு ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் இடமாவது வேண்டும் என்று கைபேசி வடிவமைப்பாளர்கள் வகுத்திருக்க, நம் ரிஜெக்ட் துண்டோ 1.1 மில்லிமீட்டர். பஞ்சுத் தூசி படிந்த கையோடு, கீறல் விழுந்த திரையில், நின்றபடியே தொடுகிறவருக்கு வளையத்தின் கீழே ஒரு சிறு பட்டியலைக் கொடுத்து, அதன் வரிகளைத் தொடும்படி செய்வதுதான் உபகாரம்.

வளையத்துக்குத் தகாத வேலைகளும் உண்டு. 1984இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்னும் இருவர் செய்த சோதனைகள், மனிதக் கண்ணானது ஒரே அடிக்கோட்டின் மேல் நிற்கும் உயரங்களை ஒப்பிடுவதில் உள்ள திறமையைக் கோணங்களை ஒப்பிடுவதில் காட்டுவதில்லை என்று நிலைநாட்டின. முதல் லைன், இரண்டாம் லைன், மூன்றாம் லைன் எவ்வளவு தைத்தன என்பதற்கும், திங்கள் முதல் சனி வரை ஆல்டர் ஏறிற்றா இறங்கிற்றா என்பதற்கும் பட்டைதான் உகந்தது. ஆறு நாளுக்கு ஆறு வளையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதைப் போல் கண்ணைக் களைப்படையச் செய்வது வேறில்லை. ஆனால் ஒரு முழுமையில் ஒன்று மட்டும் அளவுக்கு மீறி இடம்பிடித்திருக்கிறதா என்னும் கேள்விக்கு வளையத்துக்கு நிகர் கிடையாது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் செல்கிறது என்று தொழில்துறையினர் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களின் மேல் அந்நாடு விதித்த 50 சதவிகித வரி அமலுக்கு வந்தபோது, அந்த மூன்றில் ஒரு பங்கு என்பதன் கனம் ஊர் முழுவதும் உணரப்பட்டது. ஒரு கம்பெனியின் ஆர்டர் புத்தகத்தை, பையர் வாரியாக ஒரு வளையமாக்கிப் பார்த்தால், 120 பாகையை ஒருவரே பிடித்திருப்பதை எண்களின் அட்டவணையைவிட விரைவில் கண் கண்டுகொள்ளும்.

சதவிகிதங்களை முழு எண்ணாக்கும் இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று லைன்களும் சமமாகத் தைத்த நாளில் 33, 33, 33 என்று எழுதினால் கூட்டுத்தொகை 99 ஆகி, ஒரு சதவிகிதத்தை யார் கொண்டுபோனார்கள் என்ற கேள்வி பிறக்கும். 1792இல் அமெரிக்க மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளைப் பங்கிட அலெக்சாண்டர் ஹாமில்டன் முன்வைத்த முறை இதற்கு உதவுகிறது: எல்லாவற்றுக்கும் முதலில் முழு எண்ணை மட்டும் கொடுத்து, மிஞ்சியதை எவற்றின் பின்னம் பெரிதோ அவற்றுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு வருவது. பின்னங்களும் சமமாக இருந்தால் ஒரு தசமத்தானத்தைச் சேர்த்து எழுதிவிடுவது மேல். அல்லது சதவிகிதத்தை விட்டு பீஸ் எண்ணிக்கையையே எழுதலாம். வளையத்தின் கோணத்தை மட்டும் திருத்திய எண்ணிலிருந்து கணக்கிடாமல், மூல எண்ணிக்கையிலிருந்தே கணக்கிட வேண்டும்.

கடைசியாக, காலை எட்டரை மணியின் வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் எல்லா எண்களும் நிரம்பிய மாலை நேரத்து வளையத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிவிடுகிறார்கள்; ஷிப்டு தொடங்கும்போது செக்கிங் ஆனது பூஜ்யம் என்பதை மறந்துவிடுகிறார்கள். செக்கிங் ஆன பீஸ்களை முழுமையாகக் கொண்டிருந்தால் அப்பொழுது பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேரிட்டு, செயலி விழித்துக்கொண்டு நின்றுவிடும். அதைத் தப்பினாலும் ஆபத்து தீர்வதில்லை: முதல் பீஸ் நல்லதானால் வளையம் முழுவதும் நீலமாகும், முதல் பீஸில் ஓட்டை இருந்துவிட்டால் வளையம் முழுவதும் கருஞ்சிவப்பாகிப் பார்க்கிறவர் நெஞ்சை அடைக்கும். பண்டில் சீட்டில் எழுதிய 1,500ஐயே முழுமையாகக் கொண்டிருந்தால் இந்த இரண்டு இடைஞ்சல்களும் இல்லை. காலையில் வளையம் சாம்பல் நிறத்தில் காலியாக நிற்கும். நடுவில் '0 / 1,500' என்று இருக்கும். ஒரு பீஸுக்கு உரிய வில்லின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையாதலால், முதல் சில பீஸ்களுக்கு வளையத்தில் எதுவும் தெரியாது, நடு எண் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். பதினைந்தாவது பீஸ் மேஜையைக் கடக்கும் சமயத்தில், பன்னிரண்டு மணி இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீலம் எழும்பியிருக்கும்.